கற்பிக்க வந்தவர் சாட்சியாகும்போது

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், சேரிகளில் இயங்கும் மாலை நேரப் படிப்பகங்களில் யாரும் கணக்கோ ஆங்கிலமோ நடத்துவதில்லை. தன்னார்வலராக வரும் கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மார்களும் நின்றிருப்பார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் எண் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு, பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு, அரசுக் கலைக் கல்லூரிக்கான விண்ணப்பம் ஆகிய அனைத்தும் அந்த ஒற்றைக் கைப்பேசியின் வழியாகவே நடந்தேறும். இருளர் குடும்பத்துப் பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கு இல்லை, கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும் என்பதை அக்குடும்பம் அன்றுதான் அறிந்துகொள்ளும். மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும் என்றாலும், சுயநிதிக் கல்லூரிக் கட்டணம் தொடர்பான 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 அவருக்கும் பொருந்தும் என்பதைக் கல்லூரி அலுவலகம் தானாக முன்வந்து சொல்லாது. தன்னார்வலர்தான் சொல்ல வேண்டும். அவருக்கும் தெரியாவிட்டால் அந்தக் குடும்பம் கந்துவட்டிக்குக் கடன் வாங்கும்.

இது சிறிய வேலையாகத் தோன்றலாம். எவ்வளவு பெரிய வேலை என்பதை 2024ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்ற வழக்கொன்று காட்டிற்று. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. தந்தை கூலித் தொழிலாளி. இடத்தை உறுதி செய்யக் கட்ட வேண்டிய தொகை 17,500 ரூபாய், காலக்கெடு ஜூன் 24 மாலை ஐந்து மணி. கடன் பெற்றும் கையேந்தியும் பணம் திரட்டி முடித்தபோது நேரம் கடந்துவிட்டது. இணையதளம் மூடிக்கொண்டது. அதன்பின் அக்குடும்பம் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்தை அணுகியது. ஜார்கண்ட் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டியது. அவ்வாண்டுத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியிருந்ததால் சென்னை உயர் நீதிமன்றத்திற்கும் வந்தது. இறுதியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் உறுப்பின்கீழ் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவருக்கு இடமளிக்க ஆணையிட்டது. 17,500 ரூபாயை உரிய நேரத்தில் முன்பணமாகத் தர ஓர் ஏற்பாடும், உடனிருந்து பதிவை முடித்துக் கொடுக்க ஒருவரும் இருந்திருந்தால் நாட்டின் தலைமை நீதிபதி வரை இவ்வழக்கு சென்றிருக்காது. உச்ச நீதிமன்றம் வரை செல்ல இயலாமல் மூடிய இணையதளத்தின் முன்னே நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்கள் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறுவதில்லை.

இந்த இடைவெளியை இன்று பெருமளவில் நிரப்பி வருபவர்கள் கல்லூரி மாணவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் அதே சேரியிலிருந்து முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அரசும் பல்கலைக்கழகங்களும் இவர்களை எவ்வாறு பார்க்கின்றன என்பதே எங்கள் கேள்வி. சுருங்கச் சொன்னால், நிரப்பப்படாத பணியிடத்திற்கு மாற்றாக வரும் தன்னார்வலரை நம் நிறுவனங்கள் வரவேற்கின்றன. அவரே கண்ணால் கண்டதைச் சொல்லும் சாட்சியாக மாறும்போது அஞ்சுகின்றன.

மாணவர் தொண்டின் அரசு வடிவம் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் அது தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம், தத்தெடுக்கப்பட்ட ஒரு கிராமம் என அதன் கட்டமைப்பை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம். ஆனால் தத்தெடுக்கப்படுவது வருவாய்க் கணக்கிலுள்ள கிராமம். நிலத்தில் இருப்பதோ ஊரும் சேரியும். முகாம் தங்குமிடம் ஊர்த்தெருவில் அமையும். சோறு ஊர்ப் பெரியவர் வீட்டிலிருந்து வரும். கோயில் குளம் தூர்வாரப்படும், மரக்கன்று நடப்படும். ஏழு நாளில் ஒருநாள்கூடக் காலனிக்குள் கால்வைக்காமல் முடிந்த முகாம்களை நாங்கள் அறிவோம். எங்களுள் சிலர் அம்முகாம்களில் சான்றிதழும் பெற்றிருக்கிறோம், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபின் நிலைமை சற்று மாறியது. கைப்பேசி இல்லாத வீடுகளின் பிள்ளைகளுக்கு மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் பாடம் நடத்தியவர்கள், கல்லூரிகள் மூடப்பட்டதால் ஊர் திரும்பியிருந்த மாணவர்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இந்தச் சக்தியைத்தான் முறைப்படுத்திற்று. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டதாரி, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இத்திட்டத்தால் பிள்ளைகள் பயன்பெற்றார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அதில் பணியாற்றியவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், வீட்டுத் திண்ணையே வகுப்பறையானதால் சேரிக்குள்ளேயே வகுப்பு நடந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. ஆயினும், அந்த ஆயிரம் ரூபாயை மாதத்தின் நாட்களுக்குப் பகுத்துப் பார்த்தால் கூலி என்று சொல்ல நா எழாது. தொண்டு என்னும் சொல் இங்கே மலிவான உழைப்பின் மறுபெயராகவும் இருக்கிறது.

இதே கணக்கை ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் போட்டுப் பார்க்கலாம். 2025 ஜூலையில் இவ்விடுதிகள் உட்பட அரசு விடுதிகள் அனைத்திற்கும் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றத்தை நாங்கள் குறைகூறவில்லை. சாதியின் பெயர் வாசற்பலகையிலிருந்து அகல்வது நல்லதே. ஆனால் 2023இல் உயர்த்தப்பட்ட பின்னரும் பள்ளி மாணவர் ஒருவருக்கான உணவுப்படி மாதத்திற்கு 1,400 ரூபாய். நாளொன்றுக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. மூன்று வேளைக்கு. அவ்விடுதிக்கு வார இறுதியில் பாடம் சொல்லித்தரப் போகும் கல்லூரி மாணவர் முதலில் காண்பது பாடநூலை அல்ல, தட்டைத்தான். பசியோடிருக்கும் பிள்ளைக்கு இயற்கணிதம் ஏறாது என்று அவர் காப்பாளரிடம் சொல்வாராயின், அடுத்த வாரம் அவருக்கு விடுதியில் அனுமதி இருக்குமா என்பது ஐயமே.

தலித் மக்களின் வரலாற்றில் கல்வித் தொண்டு ஒருபோதும் இப்படி வாய்மூடிய தொண்டாக இருந்ததில்லை. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியபோதும், பின்னர் உழைப்பாளர்களுக்கான இரவுப் பள்ளியை நடத்தியபோதும், அது சாதி ஒழுங்கின் மீதான நேரடித் தாக்குதலாகவே இருந்தது. அதனால்தான் சாவித்திரிபாய் தெருவில் சாணியடி பட்டார். 1924 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, விடுதியும் நூலகமும் படிப்பு வட்டமும் நடத்திய அமைப்பு. மூன்றே ஆண்டுகளில் மகாத் குளத்து நீருக்கான போராட்டத்தை ஒருங்கிணைத்ததும் அதே சபைதான். கற்பித்தல் வேறு, உரிமை கேட்டல் வேறு என்னும் பிரிவினை அந்த மரபில் இல்லை. அப்பிரிவினை நம் காலத்துக் கல்லூரி நிர்வாகங்களின் கண்டுபிடிப்பு.

அப்பிரிவினை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை நாங்கள் உடனிருந்து கண்ட ஒரு நிகழ்வு வழியே சொல்ல விரும்புகிறோம். வழக்கு நிலுவையில் இருப்பதால் இடத்தையும் பெயர்களையும் தவிர்க்கிறோம்.

வட மாவட்டமொன்றில் காலனிப் படிப்பகம் ஒன்றுக்கு இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்தார். அவர் தலித் அல்லர். பக்கத்து ஊரில் பிற்படுத்தப்பட்ட வகுப்பொன்றில் பிறந்தவர். கல்லூரியின் தொண்டுத் திட்டத்தின்கீழ் அனுப்பப்பட்டவர். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்து நாட்களாகப் படிப்பகத்திற்கும் வரவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. காரணம் கேட்கப் பையனின் தாயோடு அவர் பள்ளிக்குச் சென்றார். தாழ்வாரத்தில், பிற பிள்ளைகள் நிற்க, ஆசிரியர் ஒருவர் அந்தத் தாயைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினார். பையன் ஏன் வரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அம்மாணவி அன்றிரவே தம் வருகைக் குறிப்பேட்டில் தேதி, நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடன் நின்றவர்கள் என அனைத்தையும் எழுதி வைத்தார். யாரும் அவருக்கு அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை. அந்த ஒரு பக்கம்தான் இன்று அவ்வழக்கின் முதுகெலும்பு.

ஒரு வாரத்தில் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் புகார் போயிற்று. “சேவை செய்யத்தான் அனுப்பினோம், பிரச்சினை செய்ய அல்ல” என்று கல்லூரியில் பொறுப்பிலிருந்தவர் அம்மாணவியிடம் கூறினார். அவர் அந்தப் படிப்பகத்திற்குப் போவது நிறுத்தப்பட்டது. வேறொரு கிராமத்தில் மரம் நடும் பணி தரப்பட்டது. அவருடைய வீட்டாருக்கும் தகவல் எட்டியது. “அந்த ஜனங்களுக்காக நம்ம பிள்ளை கோர்ட்டு ஏறணுமா?” என்பதே வீட்டில் எழுந்த கேள்வி. இந்தக் கேள்வியைத் தாண்டி வந்த அம்மாணவியின் துணிவை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஒரு நீதி அமைப்பு பத்தொன்பது வயதுப் பெண்ணின் தனிப்பட்ட துணிவை நம்பித்தான் இயங்க வேண்டும் என்றால், கோளாறு அமைப்பில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

அம்மாணவி ஏன் அத்துணை முக்கியமான சாட்சி என்பதைச் சட்டக் கல்லூரி மாணவர்களேனும் புரிந்துகொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவற்றின்கீழ் குற்றம் நிறுவப்பட, இழிவுபடுத்தல் பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வீட்டின் நான்கு சுவர்களுக்குள் பொதுமக்கள் எவருமின்றி நிகழ்ந்தது இதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. உறவினரும் நண்பரும் மட்டும் உடனிருந்தால் அது பொதுப்பார்வை ஆகாது என்பதும் நீதிமன்றங்கள் எடுத்தாளும் வாதம். 2025 ஜனவரியில் திருச்சி மாவட்டத்திலிருந்து சென்ற வழக்கிலும், அலுவலக அறைக்குள் பேசப்பட்டது பொதுப்பார்வையில் நிகழ்ந்ததாகாது என்ற காரணத்தால் குற்ற வழக்கு நீக்கப்பட்டது. இத்தீர்ப்புகள் மீது எங்களுக்குக் கடும் விமர்சனம் உண்டு. சாதி இழிவு அறைக்குள் நிகழ்ந்தால் அதன் வலி குறைந்துவிடுவதில்லை. ஆனால் சட்டம் இன்று இவ்வாறு நிற்கும்வரை, குடும்பத்தைச் சேராத மூன்றாம் நபர் ஒருவர் நேரில் கண்டார், கேட்டார் என்பதே பல வழக்குகளின் உயிராகிறது. பள்ளித் தாழ்வாரத்தில், விடுதி வாசலில், வட்டாட்சியர் அலுவலக வரிசையில் அப்படி ஒரு மூன்றாம் நபராக நிற்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம்? தன்னார்வ மாணவருக்குத்தான். அவரை நிறுவனங்கள் ஏன் அப்புறப்படுத்துகின்றன என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இதே சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 15ஏ, பாதிக்கப்பட்டோரை மட்டுமல்ல, சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. சாட்சியின் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் அரசின் பொறுப்பு. அதே பிரிவின் உட்பிரிவு 12, தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்குரைஞர் ஆகியோரின் உதவியைப் பெறுவதைப் பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. காவல் நிலையத்தில் ‘நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்கப்படும் தன்னார்வலர் சுட்டிக்காட்ட வேண்டிய பிரிவு இதுவே. முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பதைப் பிரிவு 18ஏ தெளிவாக்கியுள்ளது. எனினும் மேற்சொன்ன நிகழ்வில் காவல் நிலையம் மனு ஏற்புச் சான்றை மட்டும் கொடுத்தனுப்பியது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் மனு அனுப்பிய பின்னரே வழக்குப் பதிவாயிற்று.

பாலியல் குற்றங்களில் நிலைமை இன்னும் கண்டிப்பானது. போக்சோ சட்டத்தின் பிரிவு 19இன்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. படிப்பகத்தில் பிள்ளை அழுதுகொண்டே சொன்னதைக் கேட்ட கல்லூரி மாணவருக்கும் இக்கடமை உண்டு. பிள்ளைகளோடு பழக அவரை அனுப்பும் எத்தனைக் கல்லூரிகள் அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரமாவது இதைச் சொல்லிக் கொடுக்கின்றன? 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், வன்கொடுமைகளுக்கான 14566 என்னும் எண்ணும் தன்னார்வலர் அடையாள அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்படுவதற்கு என்ன செலவாகிவிடும்?

தன்னார்வலர்களையும் நாங்கள் கேள்விக்கு அப்பாற்பட்டவர்களாகக் கருதவில்லை. சேரிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் இடுவது, பிள்ளையின் துயரத்தைத் தன் கருணைக்குச் சான்றாக்குவது, தேர்வு நெருங்கியதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது போன்றவை எல்லாப் படிப்பகங்களிலும் நடக்கின்றன. பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியாக உள்ள குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74இன்படி குற்றம் என்பதை நல்லெண்ணத்தோடு பதிவிடுபவர்கள் அறிந்திருப்பதில்லை. மூடிய அறையில் தனியொருவர் பிள்ளைகளோடு இருக்கக்கூடாது, வகுப்பு நேரத்தில் குறைந்தது ஒரு தாயாவது உடனிருக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் தொடர்புள்ள படிப்பகங்களில் கடைப்பிடிக்கிறோம். சிலர் இதை அவநம்பிக்கை என்று வருந்தினார்கள். வருந்தியவர்களுள் ஒருவர் விலகியும் போனார். விதி அப்படியே இருக்கிறது.

மாணவர்கள் தாங்களாகவே அமைப்பாக்கிக் கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதம் பறிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் ஜூன் மாதம் திரும்ப வழங்கப்பட்டது. நூல் படித்து விவாதித்ததற்கே இந்த நிலை. மறுபுறம், நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அனைத்துச் சமூக மாணவர்களையும் கொண்ட சமூகநீதி மாணவர் படை ஒன்றைப் பரிந்துரைத்தது. வெட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் சக மாணவர்களே என்ற கொடிய உண்மையிலிருந்து பிறந்த பரிந்துரை அது. அறிக்கையில் கைக்கயிறு குறித்தும் நெற்றிக்குறி குறித்தும் எழுந்த கூச்சல், இந்தப் பரிந்துரையின் மீதான விவாதத்தை விழுங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மேலே நான்கைந்து வயது மூத்தவர்களான கல்லூரி மாணவர்களை இப்படையோடு இணைப்பதைப் பற்றி அரசு சிந்திக்கலாம். பதினான்கு வயதுப் பையன் ஆசிரியரிடம் சொல்லாததை இருபது வயது அண்ணனிடம் சொல்வான்.

இதற்கான சட்ட அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவியை வழங்குகிறது. பிரிவு 4, சட்டக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சட்ட உதவி மையங்கள் செயற்பட வழிசெய்யச் சொல்கிறது. பல கல்லூரிகளில் அம்மையம் ஒரு பெயர்ப்பலகையாகவும் பூட்டிய அறையாகவும் இருக்கிறது. அந்த அறையைத் திறந்து, அருகிலுள்ள படிப்பகங்களோடும் விடுதிகளோடும் இணைத்தால், மே மாதத்துக் கைப்பேசிக்காரர் தனியாக விடப்படமாட்டார். கல்லூரிகள் தொண்டுப் பணிக்கு மதிப்பெண் அளிக்கத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டியுள்ளது. மரம் நட்ட மணி நேரம் கணக்கில் வருமானால், வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றத்தில் காத்திருந்த மணி நேரமும் கணக்கில் வர வேண்டும்.

மேற்சொன்ன பையன் இப்போது வேறு பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். அவன் தந்தை வேலை செய்யும் செங்கற்சூளையின் வழியாகச் சமரசப் பேச்சு இருமுறை வந்தது. மூன்றாம் முறையும் வரலாம். அம்மாணவி தம் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கல்லூரித் திட்டத்தில் அவர் பெயர் இல்லாததால், இப்போது தம் சொந்தப் பேருந்துக் காசில் சனிக்கிழமைகளில் மட்டும் படிப்பகத்திற்கு வருகிறார். சாட்சி விசாரணைக்கு அவருக்கு அழைப்பாணை வந்துள்ள நாளில் அவருக்குப் பருவத்தேர்வு இருக்கிறது. மறுதேர்வு எழுத அனுமதி கோரிப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு மனுவும், இயலாதெனில் வேறு நாள் கோரிச் சிறப்பு நீதிமன்றத்திற்கு ஒரு மனுவும் எழுதி முடித்திருக்கிறோம். திங்கட்கிழமை இரண்டையும் அளிக்கிறோம்.